துயரம் ஒரு தகுதியா?

"மாமா, நான் விலகிவிட்டால் அவன் என்ன ஆவான்?"

தஞ்சோங் மாலிம் ரயில் நிலையத்தில் தென்திசை வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலைப் பொழுதில், நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண்ணொருத்தி நம்மிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவள் ஆசிரியத் தொழிலுக்குப் படிப்பவள். அவளுடைய பாட்டனார் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். கல்லூரிப் படி ஏறியவர்களில் அக்குடும்பத்துக்கு அவளே முதல்வி. பெயரையும் இருப்பிடத்தையும் வெளியிடுவது தகாது. அவளுக்கு ஒரு வாலிபனிடம் நேசம் உண்டு. அவன் கெட்டவன் அல்லன். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் எந்நேரமும் வாடிய முகம். இவள் தோழியரோடு கடைத்தெருவுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் வாய் திறவான். கிடைத்த வேலையை இருமுறை விட்டுவிட்டான். "உன்னையன்றி எனக்கு யாரிருக்கிறார்கள்?" என்பதே அவன் எதற்கும் கூறும் விடை.

அவள் கைப்பையிலிருந்து ஒரு ஜப்பானியச் சித்திரக் கதைப் புத்தகம் எட்டிப் பார்த்தது. மலாய் மொழியில் பெயர்த்தது. நாம் அதைப் பார்ப்பதைக் கண்டு சிறிது நாணிச் சிரித்தாள். "இந்தக் கதைகளில் அவள் பொறுத்துக்கொண்டே இருப்பாள், மாமா. கடைசியில் ஒரு நாள் அவன் சிரித்துவிடுவான்" என்றாள். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டாள். கேள்வி மட்டும் நம்மோடு நின்றுவிட்டது.

ஒருவருடைய துயரம் மற்றொருவர் வாழ்வின்மீது உரிமை கொண்டாடலாமா? வாட்டம் என்பது அன்புக்குரிய ஒரு தகுதியா? இதுவே நாம் இங்கு சீர்தூக்கிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள். இது ஒரு பெண்ணின் சொந்த விஷயம் என்று தள்ளுவதற்கில்லை. 1922-ஆம் ஆண்டில் மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க இவ்வூரில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1997-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. இன்று தமிழாசிரியராக விரும்பும் நம் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர். இன்று அப்பிள்ளைகள் எதை அன்பு என்று நம்புகிறார்களோ, அதையே நாளை தமிழ்ப்பள்ளிக் குழந்தைகள் அவர்களிடம் கற்பார்கள்.

முதலில் ஜப்பானியரின் கதைகளைப் பார்ப்போம். ‘மங்கா’ எனும் சித்திரக் கதைகளிலும், அவற்றை அசையும் படமாக்கிய ‘அனிமே’க்களிலும், காதற் கதைக்கென்று சில வார்ப்பு மாந்தர் உண்டு. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்தவுடன் இன்னான் என்று சபை அறிந்துகொள்வதுபோல, அக்கதைகளில் ஒருவன் தோன்றியவுடனேயே அவன் எவ்வகையினன் என்பதை வாசகர் அறிந்துகொள்வர். அவ்வகைகளுள் ஒன்று வாட்ட முகத்தார் வகை. கண்ணை மறைக்கும் முடி, வகுப்பறையில் சன்னலோர இருக்கை, எவரோடும் பேச்சில்லை, உள்ளே ஆறாத ஒரு புண். இத்தகையோரை அந்நாட்டு இளைஞர் ‘இன்க்யா’, அதாவது இருண்ட குணத்தார், என்று கேலி செய்வதும் உண்டு. அவ்விருளோடு காதலும் சேர்ந்தால் ‘உட்சுதேரே’ என்று இரசிகர்கள் பெயரிடுகின்றனர். ‘உட்சு’ என்பது மனச்சோர்வு. ‘தேரே’ என்பது அன்பில் குழைதல். ஒருத்தியின் அல்லது ஒருவனின் அன்பு பட்டதும் அவ்விருள் விலகும் என்பதே அவ்வகைக் கதைகளின் வாக்குறுதி.

இவ்வகைக் கதைகள் எல்லாவற்றையும் ஒரே கோலால் அளந்து தள்ளுவது நியாயமன்று. கருஹோ ஷீனா எனும் பெண் எழுத்தாளர் 2006 முதல் 2017 வரை தொடராக எழுதி வரைந்த ‘கிமி நி தொதொகே’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். அதன் தலைவி சவாகோ. நீண்ட கரிய கூந்தலும் வெளுத்த முகமும் உடையவள். அதனாலேயே பள்ளித் தோழர்கள் அவளை ‘சதாகோ’ என்று பேயின் பெயரால் அழைக்கின்றனர். ‘ரிங்கு’ எனும் பயங்கரக் கதையில் வரும் பேயின் பெயர் அது. அவளை உற்று நோக்கினால் கேடு வரும் என்றும் வதந்தி. ஆனால் அப்பெண்ணின் உள்ளத்தில் இருளே இல்லை. பிறருக்கு உதவ வேண்டும், நண்பர்கள் வேண்டும் என்று ஏங்கும் எளிய பெண் அவள். இருள் அவள் முகத்தில் இல்லை. பார்த்தவர் கண்ணில் இருந்தது.

அவளை மீட்டது எது என்று பாருங்கள். கசெஹயா எனும் மாணவன் அவளிடம் எல்லோரிடமும் பேசுவதுபோலப் பேசினான். இரண்டு பெண்கள் அவளைத் தோழியாக ஏற்றனர். யாவற்றுக்கும் மேலாக, அவளே தன் வாயால் தன் எண்ணத்தைச் சொல்லக் கற்றாள். அவள் யாரையும் "நீயில்லாவிட்டால் நான் அழிவேன்" என்று கட்டவில்லை. யாரும் அவளுக்கு வைத்தியராகவும் வரவில்லை. சமமான மனிதர்கள் பழகினார்கள், அவ்வளவே. நிறத்தையும் முகத்தையும் கண்டு ஒரு பெண்ணுக்குப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கம் நம் பள்ளிகளில் இல்லையா? அவ்வகையில் அக்கதை நமக்கும் ஒரு நல்ல பாடம்.

மற்றொரு கதையும் உண்டு. நத்சுகி தகாயா 1998 முதல் 2006 வரை எழுதிய ‘புரூட்ஸ் பாஸ்கட்’ மிகப் புகழ் பெற்றது. அதன் தலைவி தோரு, தாயை விபத்தில் இழந்த பெண். சாபத்தால் துன்புறும் ஒரு குடும்பத்தில் அவள் தங்குகிறாள்; அக்குடும்பத்து வாடிய வாலிபர்கள் அவள் பரிவால் மெல்ல மெல்ல மலர்கின்றனர். எல்லோரையும் தேற்றும் அப்பெண், தன் தாயின் சாவைத் தானே வாய்விட்டு அழாமல் சிரிப்பால் மூடி வைத்திருக்கிறாள் என்பதையும் ஆசிரியை காட்டுகிறார். வாசிப்போர் பலர் நினைவில் வைப்பதோ அவளுடைய பரிவைத்தான். அவள் மூடி வைத்த அழுகையை அன்று. தேற்றுகிறவளைத் தேற்றுவார் யார் என்ற கேள்வியை நம் வாசிப்பு கேட்கத் தவறிவிடுகிறது.

வாட்டத்தை அழகென்று கொண்டாடுவதன் எல்லை எங்கே போய் முடியும் என்பதற்கும் ஜப்பானிலேயே சான்று உண்டு. தசாய் ஒசாமு அந்நாட்டின் பேரெழுத்தாளருள் ஒருவர். 1930-ஆம் ஆண்டில் அவர் ஒரு பெண்ணோடு சேர்ந்து உயிர் விட முயன்றார். அந்தப் பெண் இறந்தாள், அவர் பிழைத்தார். 1948-இல் மற்றொரு பெண்ணோடு சேர்ந்து உயிரிழந்தார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘நிங்கென் ஷிக்காகு’ எனும் நாவலிலும், தலைவன் பிழைக்க ஒரு பெண் மடிகிறாள். தசாயின் எழுத்தில் உண்மை உண்டு. அவருடைய நோயும் உண்மையான நோய். அவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் 1930-இல் இறந்த அப்பெண்ணுக்கும் ஒரு துயரம் இருந்திருக்குமல்லவா? அதை அவள் எழுதிவைக்க இயலவில்லை. உலகம் வாசிப்பது பிழைத்தவரின் துயரத்தை மட்டுமே.

வேடிக்கை என்னவெனில், 2012-இல் தொடங்கிய ‘பூங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’ எனும் சித்திரக் கதையில் அதே எழுத்தாளர் பெயரில் ஓர் அழகிய வாலிபன் வருகிறான். அது காதற் கதையன்று. துப்பறியும் சாகசக் கதை. அதில் அவன், தன்னோடு சேர்ந்து சாக ஒரு அழகிய பெண் கிடைப்பாளா என்று தேடிக்கொண்டே இருப்பது நகைச்சுவையாக வைக்கப்பட்டிருக்கிறது. வாசகர் சிரிக்கின்றனர். நகைச்சுவைக்கு நாம் பகையல்ல. ஆனால் உண்மையில் இறந்த இரு பெண்களின் கதை, எண்பது ஆண்டுகளில் சிரிப்புக்குரிய சரக்காகிவிட்டதே என்று ஒரு கணம் நினைக்கத்தான் வேண்டும்.

ஜப்பானியர் இதை அறியாதவர் அல்லர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முரசாகி ஷிகிபு எனும் பெண்மணி எழுதிய ‘கெஞ்சியின் கதை’யின் கடைசிப் பத்து அத்தியாயங்களில், கவோரு எனும் வாட்ட முகத் தலைவன் வருகிறான். பிறப்பைப் பற்றிய ஐயம், துறவில் நாட்டம், தீராத ஏக்கம் எல்லாம் உண்டு. தான் நேசித்த பெண் இறந்தபின், அவள் சாயலில் உகிபுனே எனும் மற்றொருத்தியைத் தேடிக்கொண்டு வந்து வைக்கிறான். அவனுக்கும் வேறொரு பிரபுவுக்கும் இடையே சிக்கி அவள் சாகத் துணிந்து, காப்பாற்றப்பட்டு, துறவு பூணுகிறாள். இறுதியில் கவோரு அவளுடைய தம்பியையே தூது விடுகிறான். அவள் பார்க்க மறுத்துவிடுகிறாள். அம்மாபெரும் கதை அம்மறுப்போடு நின்றுவிடுகிறது. உன் துயரத்துக்கு நான் மருந்தல்ல என்று ஒரு பெண் மறுத்ததையே தன் கதைக்கு முடிவாக வைக்க, அக்காலத்துப் பெண் எழுத்தாளர் அஞ்சவில்லை.

இதுகாறும் கூறியவை அயல்நாட்டுச் சங்கதி என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். "ஜப்பான் படக்கதை படித்துப் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்று அவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அவர்களை ஒன்று கேட்போம். தாடி வளர்த்து, வேலைக்குப் போகாமல் திண்ணையில் கிடக்கும் வாலிபனை நம் தோட்டங்களில் எந்தப் பெயரால் அழைத்தார்கள்? தேவதாஸ் என்றல்லவா?

சரத் சந்திரர் 1917-இல் வங்கமொழியில் வெளியிட்ட அந்நாவல், 1937-இலேயே தமிழில் பேசும் படமாயிற்று. நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த 1953-ஆம் ஆண்டுப் படம் வந்தபின், தேவதாஸ் என்பது ஒரு மனிதனின் பெயராக இராமல் ஒரு சாதிப்பெயர்போல் ஆகிவிட்டது. பின்னர் 1980-இல் ‘ஒரு தலை ராகம்’, 1991-இல் ‘இதயம்’ என்று அந்த வமிசம் பெருகிற்று. ஆகவே வாட்ட முகத்துக் காதலனை ஜப்பானிலிருந்து நாம் இறக்குமதி செய்யவில்லை. அவன் முன்னமே நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பேரப்பிள்ளைகள் கண்டது புது உடுப்பில் பழைய ஆளைத்தான்.

தேவதாஸ் கதையில் நாம் யாருக்காக அழுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஜமீன்தார் மகனாகிய அவன், குடும்பத்துக்கு அஞ்சிப் பார்வதியைக் கைவிட்டான். கோபத்தில் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்கினான். அவள் வயது முதிர்ந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவ்வீட்டுப் பிள்ளைகளை ஏற்று, ஒரு குடும்பத்தைத் தாங்கினாள். சந்திரமுகி தன் பழைய வாழ்வை விட்டு எளிய வாழ்வை மேற்கொண்டாள். இவ்விரு பெண்களும் துயரத்தைச் சுமந்துகொண்டு வாழ்ந்தார்கள். தேவதாஸ் குடித்துக் குடித்து, கடைசியில் பார்வதியின் வாசலில் வந்து கிடந்து இறந்தான். கண்ணீரெல்லாம் அவனுக்கு! மற்றொன்றும் சொல்வோம். ஜமீன்தார் மகன் துயரத்தால் குடித்தால் அது காவியம். லயத்துத் தொழிலாளி துயரத்தால் குடித்தால் அது வெறும் குடி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கள்ளில் காவியம் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பழந்தமிழர் இவ்விஷயத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தனர் என்பதையும் நோக்குக. காதலில் தோல்வியுற்றவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தான் விரும்பியவள் இன்னாள் என்று ஊரறியத் தெருவில் வருவதை மடலேறுதல் என்றனர். அது துயரத்தின் வெளிப்பாடு மட்டுமன்று. பெண்ணையும் அவள் சுற்றத்தையும் ஊரார் முன் நிறுத்தி இணங்கவைக்கும் உபாயமுமாகும். தொல்காப்பியம் மடலேறிய செயலை அன்பின் ஐந்திணையில் சேர்க்கவில்லை. பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் வைத்தது. தேற்ற முடியாதபடி மிகுந்த காமத்தையும் அங்கேயே வைத்தது. மடலேறுவேன் என்று வாயால் புலம்பும் அளவில் நின்றால் அதனை ஐந்திணைக்குள் ஏற்கலாம்; ஏறிவிட்டால் பெருந்திணை என்று உரைகாரரும் வரம்பு கட்டினர். துயரத்தைச் சொல்லலாம், துயரத்தை ஆயுதமாக எடுக்கலாகாது என்பதுதானே இதன் கருத்து? இரண்டு நாள் பேசாதிருந்து ஒரு பெண்ணைத் தோழியரிடமிருந்து பிரிப்பதும், இக்காலத்து மடல் அல்லாமல் வேறென்ன?

இனி, வாட்ட முகம் நம்மை ஏன் இவ்வளவு கவர்கிறது? காரணம் இரண்டென்போம். ஒன்று, பேசாதிருப்பவனை ஆழமானவன் என்று எண்ணும் மயக்கம். கிணற்றில் நீர் தெரியவில்லையென்றால் அது ஆழமாகவும் இருக்கலாம்; வற்றியும் இருக்கலாம். எட்டிப் பார்க்காமல் எப்படி அறிவது? மற்றொன்று, "எல்லோருக்கும் மூடிய கதவு எனக்கு மட்டும் திறக்கிறது" என்னும் பெருமிதம். இப்பெருமிதம் பெண்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கு நம் சமூகமே பொறுப்பு. அண்ணனுக்குத் தட்டு எடுத்து வை, அப்பாவுக்குக் கால் பிடி, தம்பியைப் பார்த்துக்கொள் என்று சிறு வயது முதல் பணிவிடையாலேயே அவளை அளக்கிறோம். பிறருக்குத் தேவைப்படுவதே தன் மதிப்பு என்று அவள் நம்பிவிடுகிறாள். பிறகு ஒருவன் வந்து "நீயில்லாமல் நானில்லை" என்றால், அதை விலங்கென்று அவள் அறிவாளா? அணியென்றே பூணுவாள்.

துயரத்தை நாம் உண்மையில் மதிக்கிறோமா, அல்லது துயரத்தின் சித்திரத்தை மட்டும் இரசிக்கிறோமா என்பதற்கு இவ்வூரிலேயே ஓர் உரைகல் உண்டு. இளைஞருக்கு ஜப்பான் என்றால் சித்திரக் கதை. அவர்களுடைய பாட்டன் பாட்டியருக்கு அது வேறு பொருள். 1942 ஜனவரியில் அருகிலுள்ள சிலிம் ரிவரில் போர் நடந்தது. ஜப்பானியப் படை இவ்வழியே கோலாலம்பூருக்கு இறங்கிற்று. பின்னர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவருள் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. திரும்பாத கணவருக்காக வழி பார்த்த பெண்கள் விடியலில் மறுபடியும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். அவர்கள் முகத்திலும் வாட்டம் இருந்தது. அவ்வாட்டத்தை யார் அழகென்றார்? யார் அதற்குப் பாட்டு எழுதி மெட்டமைத்தார்? "என்னம்மா, எப்படியிருக்கிறாய்?" என்று கேட்டவர்கூட அரிது. அவர்கள் மௌனம் காத்தது சிறப்பென்று நாம் புகழவில்லை. கேட்பார் இல்லாத மௌனம் அது. நாம் சொல்ல வந்தது இதுதான்: இளமையும் அழகும் உடைய முகத்தில் இருந்தால் துயரத்தைக் காதலிக்கிறோம்; ஏழைக் கிழவியின் முகத்தில் இருந்தால் கடந்து போகிறோம். ஆகவே நாம் காதலித்தது துயரத்தையன்று.

அப்படியாயின் வாடியவனைக் கைவிட வேண்டுமென்பதா உங்கள் கட்சி என்று கேட்பீர்கள். அல்லவே அல்ல. மனச்சோர்வு சோம்பலுமன்று, பாவமுமன்று. காய்ச்சலைப்போல, நீரிழிவைப்போல ஒரு நோய். நெடுங்காலம் அரசாங்கமே இதை உணரவில்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்று இந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு சொல்லிற்று. நொந்தவனைக் குற்றவாளியாக்கிய அப்பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. இன்று அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் வைத்தியரைக் கண்டு பேசலாம். மனம் நொந்தவர் சொல்வதைத் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்பதற்கென்றே ‘பிஃபிரெண்டர்ஸ்’ எனும் தொண்டு அமைப்பு 1970 முதல் இந்நாட்டில் உண்டு. மருந்துண்டு, பேச்சு வைத்தியமுண்டு, பலர் தேறியும் இருக்கின்றனர்.

ஆனால் நம்மவர் செய்வது என்ன? மகன் சோர்ந்து கிடந்தால் முதலில் பூசாரி, செய்வினை எடுப்பு, மந்திரித்த கயிறு. அதிலும் தேறாவிட்டால் கடைசி மருந்தாக, "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள்! யாரோ பெற்ற பெண், யாருக்கோ மாத்திரையா? படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கூவும் பெரியோரே, சற்றுப் பொறுங்கள். ஒரு பெண்ணின் அன்பு பட்டால் அவன் இருள் விலகும் என்று அந்தப் படக்கதை சொல்வதும், ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் அவன் புத்தி தெளியும் என்று நீங்கள் சொல்வதும் ஒன்றே. அவர்கள் வண்ண மையில் சொல்கிறார்கள். நீங்கள் மஞ்சள் பூசிய அழைப்பிதழில் சொல்கிறீர்கள். இரண்டிலும் நோயாளிக்கு மருத்துவமில்லை, பெண்ணுக்கு விடுதலையில்லை.

உதவி கேட்கும் துயரத்துக்கும் ஆணையிடும் துயரத்துக்கும் வேற்றுமை காண்பது அரிதன்று. உதவி கேட்கும் துயரம், எவர் கை நீட்டினாலும் பற்றிக்கொள்ளும். நண்பனுடைய கையாயினும், அக்காளுடைய கையாயினும், வைத்தியருடைய கையாயினும் ஏற்கும். ஆணையிடும் துயரம் ஒரே ஒரு கையைத்தான் பிடிக்கும்; பிற கைகளைத் தட்டிவிடும். உதவி கேட்பவன், "இன்று என்னால் வரமுடியாது" என்று நீ சொன்னால் வருந்துவான். ஆனால் உன்னைக் குற்றவாளியாக்கமாட்டான். ஆணையிடுபவனுக்கு உன் மறுப்பே பெருங்குற்றம். ஒரே மனிதனிடத்தில் இவ்விரண்டும் கலந்திருப்பதும் உண்டு. நோயை இரங்கி ஏற்று, ஆணையை மட்டும் மறுப்பதே அறிவுடைமை. இரக்கம் எல்லோரும் எல்லோருக்கும் செலுத்த வேண்டிய கடன். காதலோ ஒருவரும் ஒருவருக்கும் பட்ட கடனன்று. இரக்கத்தின் பெயரால் காதலை வசூலிப்பது அநீதி. இது பெண்ணுக்கு மட்டும் சொன்னதன்று. வாடிய பெண்ணொருத்தியின் கண்ணீருக்குக் கட்டுண்டு கிடக்கும் வாலிபனுக்கும் இதுவே நீதி.

அடுத்த வாரம் அப்பெண்ணை அதே நிலையத்தில் கண்டோம். நமக்குத் தோன்றியதைச் சொன்னோம்.

"அவன் வேதனை மெய்தானம்மா. பொய்யென்று சொல்லாதே. ஆனால் அதற்கு வைத்தியர் வேறு, நீ அல்ல. அவனுடைய அக்காவிடம் சொல். சுகாதார நிலையம் வரை ஒரு நாள் கூடப் போவதானால் போ. அதற்காக உன் படிப்பையும் தோழியரையும் உன் மனத்தையும் பிணையாக எழுதிக்கொடுக்காதே."

"அக்காவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வானே, மாமா?"

"கோபிக்கட்டும். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் இரகசியம் காப்பது நட்பாகாது. நாலு பேர் தாங்க வேண்டிய பாரத்தை நீ ஒருத்தி தூக்கினால், பாரமும் விழும், நீயும் விழுவாய்."

அவள் உடனே விடை சொல்லவில்லை. சிறிது நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவன் அக்கா பேராங் ரிவரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்" என்றாள். போனாளா, அவன் வைத்தியரிடம் சென்றானா, அவர்கள் இருவரும் பின்னர் கூடினரா பிரிந்தனரா என்பதையெல்லாம் வாசகர் கேட்க வேண்டாம். அது அவர்கள் வாழ்வு. நாம் எழுதி முடிக்கும் கதையன்று.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள இளைஞரே! சித்திரக் கதைகளை வாசியுங்கள். பழைய படங்களையும் பாருங்கள். தடுப்பார் யாருமில்லை. ஆனால் வாடிய முகத்தோடு ஒருவன் அல்லது ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்கும்போது, அவன் எவ்வளவு வாடியிருக்கிறான் என்று மட்டும் பாராமல், அவனுக்குப் பின்னால் யார் முகம் வாடிக்கொண்டிருக்கிறது என்பதையும் திரும்பிப் பாருங்கள். பெற்றோரே! உங்கள் மகன் சோர்ந்து கிடந்தால் பெண் தேடிப் போகுமுன் வைத்தியரைத் தேடிப் போங்கள். உங்கள் மகள் ஒருவனுடைய துயரத்துக்காகத் தன் வாழ்வை ஒதுக்கிவைத்தால், அதைப் பொறுமை என்று புகழாதீர்கள். அவளை அருகே உட்கார வைத்து, நாம் அந்தப் பழைய பால்வெட்டுப் பெண்களிடம் கேட்கத் தவறிய கேள்வியை அவளிடமாவது கேளுங்கள்: "நீ எப்படியிருக்கிறாய், அம்மா?"